வரமும் கனியும்: மட்டக்களப்பு வாவிக்கரைத் திருச்சபைகள் சொல்லும் பாடம்

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் நிறைவுறும் நாளில் மட்டக்களப்பின் முருகன் கோயில்களில் சூரன் போர் நடக்கும். சூரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு கோயில் வீதியில் ஓடிவருவான். தகப்பனின் தோளில் ஏறியிருந்து பார்க்கும் சின்னப் பிள்ளைக்கும் அவன் கதை தெரியும். சூரன் வரம் வாங்கியவன். அதைக் களவாக வாங்கவில்லை. தவம் கிடந்து சிவனிடமே வாங்கினான். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் அது. கொடுத்தவரிலும் குறையில்லை, கொடுத்ததிலும் குறையில்லை. வாங்கியவனின் குணமே தேவரைச் சிறையில் அடைத்தது. வரம் பெற்றவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்பிவிடக் கூடாது என்பதைத் தமிழ்ப் பிள்ளை கோயில் வீதியிலேயே கற்றுவிடுகிறது.

இந்த 'வரம்' என்ற சொல்லையே தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் தம் வேதாகமத்திலும் எடுத்துக்கொண்டார்கள். பரிசுத்த ஆவியின் வரங்கள் என்கிறார்கள் அவர்கள். கத்தோலிக்கர் தூய ஆவியின் அருங்கொடைகள் என்கிறார்கள். மூலமான கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. அது 'காரிஸ்', அதாவது அருள், என்ற வேரிலிருந்து வந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புராணத்து வரம் தவத்துக்குக் கிடைக்கும் பயன். பவுல் எழுதும் காரிஸ்மாவோ எந்தத் தவத்துக்கும் கூலி அல்ல. தகுதி பாராமல் கிடைப்பது. அப்படியானால் சூரனின் வரம் அவனுடைய தவ வலிமைக்காவது சான்றாகும். கிறிஸ்தவ வரமோ பெற்றவரின் எந்தப் பெருமைக்கும் சான்றாகாது. கொடுத்தவரின் தாராளம் மட்டுமே அதில் தெரியும்.

வரம் மெய்யா பொய்யா என்பதை அதன் பலத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அது யாருக்குப் பயன்பட்டது, அதைச் சுமந்தவர் காலப்போக்கில் எப்படிப்பட்ட மனிதரானார் என்பவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இது புதிய கருத்தல்ல. ஆனால் மெதடிஸ்தரும் இயேசு சபையினரும் பெந்தெகொஸ்தேயினரும் அருகருகே வாழ்ந்த, போரும் ஆழிப்பேரலையும் குண்டும் கண்ட மட்டக்களப்பில் அது ஏட்டோடு நின்றுவிடவில்லை. சோதனைக்கு உட்பட்டிருக்கிறது.

கொரிந்து சபையின் புதிர்

வரங்களைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். கி.பி. 55 அளவில் எபேசுவிலிருந்து எழுதியது. தொடக்கத்திலேயே, எந்த வரத்திலும் நீங்கள் குறைந்தவர்களல்லர் என்று அந்தச் சபையைப் பவுல் பாராட்டுகிறார். இரண்டு அதிகாரம் தாண்டியதும் அதே ஆட்களைப் பார்த்து, நீங்கள் இன்னும் குழந்தைகள், பாலைத் தவிர வேறெதுவும் செரிக்காதவர்கள் என்கிறார். கட்சி கட்டிக்கொண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே வசதியுள்ளவர் வயிறாரச் சாப்பிட, இல்லாதவர் பசியோடு பார்த்திருந்தார். வரம் நிறைந்த சபை, குணம் வற்றிய சபை: இரண்டும் ஒரே சபைதான்.

இதற்குப் பவுல் தந்த மருந்து வரங்களைத் தடைசெய்வது அல்ல. 12ஆம் அதிகாரத்தில் வரங்களை வரிசைப்படுத்துகிறார். 14ஆம் அதிகாரத்தில் அவற்றைப் பயன்படுத்தும் ஒழுங்கைச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவே, கதவின் கீல்போல, அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தை வைக்கிறார். கலியாண வீடுகளில் வாசித்து வாசித்து அந்த அதிகாரம் நமக்கு மணமக்களுக்கான வாழ்த்துப் பாபோல ஆகிவிட்டது. உண்மையில் அது வரம் பெற்றவர்களுக்கான எச்சரிக்கை.

கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் உவமையை மாற்றுகிறார். அங்கே வரம் இல்லை, கனி. வரங்களைப் பன்மையில் சொல்லும் அவர், அன்பு முதல் இச்சையடக்கம் ஈறாக ஒன்பது குணங்களை எண்ணிக்காட்டும் இடத்தில் 'கனி' என்று ஒருமையில் சொல்கிறார். வரங்கள் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு இன்னொன்று என்று பகிரப்படுபவை. கனி எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுவது. அன்பை வைத்துக்கொண்டு பொறுமையைக் கழித்துவிட முடியாது. வரம் ஒரு நொடியில் வரலாம். கனி பழுக்க மழையும் வெயிலும் காலமும் வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். ஒருவரைக் கடவுளோடு ஒன்றிக்கவைக்கும் அருள் ஒன்று. பிறரை அவ்விடம் கொண்டுசேர்க்க ஒருவருக்குத் தரப்படும் அருள் மற்றொன்று. முன்னதே மேலானது என்றும், அன்பில்லாதவரிடமும் தீர்க்கதரிசனம் இருக்கக்கூடும் என்றும் அவர் எழுதினார். மத்தேயு நற்செய்தியில் இயேசுவே இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்: அவர் பெயரால் தீர்க்கதரிசனம் சொன்னவர்களும் பேய் ஓட்டியவர்களும் அற்புதம் செய்தவர்களும் கடைசி நாளில் வாசலில் நிற்பார்கள், அவர்களைத் தமக்குத் தெரியாதென்று அவர் சொல்வார். அந்த அற்புதங்கள் நடக்கவில்லை என்று அவர் மறுக்கவில்லை. அதுதான் அந்தப் பகுதியை வாசிக்கையில் நெஞ்சை உலுக்குவது.

எட்டு மாதம், எட்டுப் பள்ளிகள்

மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட். 1813 முடிவில் தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவில் ஒருவர். அந்தப் பயணம் சாவோடு கூடியது. ஓல்டின் மனைவி வழியிலேயே கப்பலில் இறந்தார். 1814 மே 3ஆம் திகதி தலைவர் கோக்கும் இறந்து இந்து சமுத்திரத்தில் அடக்கம்பெற்றார். ஜூன் மாத இறுதியில் காலியில் கரையேறியபோது குழுவுக்குத் தலைவரில்லை, ஓல்டுக்குத் துணையில்லை. குழுவினர் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலர் யாழ்ப்பாணம் போனார்கள். ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்தார்.

தமிழ் படிக்கத் தொடங்கினார். உடல் தளர்ந்துகொண்டு வந்தது. எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகள் தொடங்கினார் என்று மெதடிஸ்த வரலாறு பதிவுசெய்கிறது. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் வயதை 1814இலிருந்தே கணக்கிடுகிறது.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1787இல் 'மேலான வழி' பற்றி ஒரு பிரசங்கம் எழுதினார். தொடக்கத் திருச்சபையில் இருந்த அற்புத வரங்கள் பின்னர் ஏன் குறைந்துபோயின என்று அதில் கேட்கிறார். அவற்றின் தேவை முடிந்துவிட்டது என்ற வழக்கமான பதிலை அவர் ஏற்கவில்லை. கொன்ஸ்தாந்தீன் பேரரசர் காலத்திலிருந்து கிறிஸ்தவருக்கு அரச செல்வாக்கும் செல்வமும் வந்தன. அவர்களுடைய அன்பு ஆறிப்போனது. அதனால்தான் வரங்களும் போயின என்கிறார். குணத்தின் வறட்சியே வரத்தின் வறட்சிக்குக் காரணம் என்று அவர் கண்டார். அவருடைய மாணவர் பரம்பரையில் வந்த ஓல்டிடம் அந்நிய பாஷையும் இல்லை, சுகமளிக்கும் வரமும் இல்லை. தம்மையே சுகப்படுத்திக்கொள்ள முடியாதவராய் இறந்தார். ஆனால் போதிக்கும் வரம் இருந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் அதையும் வரமென்றே சொல்கிறார். துக்கத்தால் நொறுங்கியவர் அந்த வரத்தை எட்டு மாதமும் கைவிடவில்லை என்பதே அவருடைய கனி.

விதைத்த பயன் சபையின் வேலிக்குள் மட்டும் நிற்கவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, பின்னாளில் யாழ் நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தர், கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும் மட்டக்களப்பில் இயேசு சபையாரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அவர் கிறிஸ்தவராகவில்லை; இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். போதிக்கும் வரம் தன் சபைக்கு ஆள் சேர்ப்பதற்கு மட்டும் என்றால் இது தோல்விக் கணக்கு. பொதுநன்மைக்கென்றே வரங்கள் தரப்படுகின்றன என்று பவுல் சொல்வதை நம்பினால் இது வெற்றிக் கணக்கு.

நெருப்பு வந்த வழி

அற்புத வரங்கள் தமிழருக்கு மேற்கிலிருந்து வந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 1860இல் திருநெல்வேலிப் பகுதியில், யோவான் கிறிஸ்தவ அருளப்பன் என்ற தமிழ்ச் சுவிசேஷகரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதலில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தன. உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொட்டில் என்று சொல்லப்படும் லொஸ் ஏஞ்சலிசின் அசூசாத் தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். நாற்பத்தாறு ஆண்டு முன்பே தமிழில் அந்தக் குரல் கேட்டுவிட்டது.

அசூசாவை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகன். ஆவியின் வரங்களைப் பற்றி அவருக்குக் கற்பித்த சார்ல்ஸ் பார்ஹம் வெள்ளையர். நிறபேதச் சட்டம் ஆண்ட ஹூஸ்டனில், மற்ற மாணவர்கள் வகுப்புக்குள் இருக்க, சீமோர் வெளியே இருந்துதான் பாடம் கேட்டார். பிறகு அசூசாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் முழந்தாளிட்டபோது, அதைப் பார்க்க வந்த பார்ஹம் அருவருத்துப் பேசினார். வரத்தைப் பற்றிப் பாடம் சொன்னவரிடம் கனி இல்லை; வாசலுக்கு வெளியே இருந்து கேட்டவரிடம் இருந்தது. அந்நிய பாஷை பேசிக்கொண்டே கோபமும் புறங்கூறலும் வைத்திருப்பவரிடம் ஆவியின் நிறைவு இல்லை என்று சீமோரின் பத்திரிகை திரும்பத் திரும்ப எழுதியது. அது அவர் பட்டுத் தெளிந்த உண்மை.

இலங்கையில் 1920களில் பாஸ்டர் பால் என்ற கேரளத்தவரும் அல்வின் டி அல்விசும் இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார்கள். அசெம்ப்ளீஸ் ஒஃப் கோட் உள்ளிட்ட சபைகளும் வளர்ந்தன. கிழக்கில் போருக்குள்ளும், ஆழிப்பேரலைக்குப் பின்னரும், சுதந்திர சபைகள் பெருகின. ஓலைக் கொட்டிலிலும் வீட்டு முற்றத்திலும் தகரக் கூரையின் கீழும் அவை கூடின. மெதடிஸ்தக் குடும்பங்களிலிருந்தும் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்தும் சைவக் குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஏன் போனார்கள் என்பதை அனுதாபத்தோடு விளங்கிக்கொள்ள வேண்டும்.

வாக்குக் கேட்கும் தாய்மார்

மட்டக்களப்பில் தெய்வம் மனிதர் வாயால் பேசுவது புதிதல்ல. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது தெய்வமாடுவோர் வாக்குச் சொல்வார்கள். 1990களில் இங்கே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், போரின்போது இந்த வாக்குக் கேட்டல் எப்படி மாறியது என்று எழுதினார். பிடித்துக்கொண்டு போகப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தாய்மார் வந்தார்கள். பொலிஸிலும் முகாமிலும் கேட்க முடியாத கேள்வியை அம்மன் முன் கேட்டார்கள். வெளியே சொல்ல முடியாத வேதனைக்கு அங்கே ஒரு வாய் கிடைத்தது.

பெந்தெகொஸ்தே உபவாசக் கூட்டத்துக்கு வந்த தாயும் அதே கேள்வியோடுதான் வந்தாள். பிளாஸ்டிக் கதிரைகள் நெருக்கமாகப் போட்ட முன்விறாந்தை. மடியில் வேதாகமம்; அதற்குள் பொலித்தீன் உறையில் வைத்த மகனின் படம். போதகர் கண்ணை மூடி அபிஷேகத்தில் பேசத் தொடங்கும்போது அவள் கை அந்தப் படத்தின் மேல் இருக்கும். இந்தக் காட்சியை வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், நான் கண்டிருக்கிறேன்.

வரத்துக்கும் குணத்துக்கும் உள்ள உறவு வெறும் இறையியல் வாதமாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாகிவிடுவது இந்த இடத்தில்தான். அந்த வேளையில் போதகர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அவள் நம்புவாள். 'உன் மகன் வருவான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் ஆர்ப்பரிக்கும், காணிக்கை நிறையும், அவள் இன்னும் பத்து வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரமே இல்லாதவர் அப்படிச் சொன்னால் அது பொய். உண்மையாகவே ஏதோ உணர்ந்தவர், உணர்ந்த அளவுக்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அது பொய்தான். அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொள்வதற்கு வேண்டியது வரம் அல்ல, இச்சையடக்கம். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு அவளோடு அழுவதற்கு வேண்டியது சாந்தம். ஒன்பது பங்குக் கனியின் கடைசிப் பங்குகள் அவை. மேடையில் யார் கண்ணிலும் படாதவை.

பெயர்களைக் குறித்துவைத்த சுவாமிமார்

காணாமற்போனவர்களைப் பற்றித் தரிசனம் சொல்லாமல், அவர்களுடைய பெயர்களைக் குறித்துவைத்த கத்தோலிக்கக் குருமாரும் அதே காலத்தில் அதே ஊரில் இருந்தார்கள்.

மரியன்னை பேராலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவை முன்னின்று நடத்தியவர். எல்லாத் தரப்பினதும் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஊர்மக்களுக்காகப் பேசினார். 1988 ஜூன் 6ஆம் திகதி ஆலய வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

லூசியானாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் 1948இல் இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக ஊரில் பெயர் எடுத்தவர். இளைஞருக்குத் தொழில் கற்பித்தவர். 1990 ஆகஸ்ட் மாதம் இந்த வாவிக்கரையின் மிகக் கறுப்பான மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கலில் தமிழரும் விழுந்தார்கள். எவரும் வீதியில் இறங்க அஞ்சிய அந்த நாட்களில், வாழைச்சேனையில் இடருற்றிருந்த கன்னியர்களுக்கு உதவ ஹேபர்ட் போனார். 15ஆம் திகதி, மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று, ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர் வழி. இருவரும் வீடு வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. காணாமற்போனோருக்காக உழைத்த சபையில் ஒருவரே காணாமற்போனோர் பட்டியலில் சேர்ந்தார். அவருடன் போன இளைஞரின் தாயும் இந்த ஊரின் ஆயிரக்கணக்கான தாய்மாரில் ஒருத்தியானாள்.

அவருடைய சபைத் தோழர், நியூ ஓர்லியன்சைச் சேர்ந்த ஹரி மில்லர், போர் முடியும்வரை மட்டக்களப்பிலேயே இருந்தார். சமாதானக் குழுவோடு சேர்ந்து, பிடிபட்டவர் யார், எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தது என்று வருடக்கணக்காக எழுதிவைத்தார். பவுலின் வரங்களின் பட்டியலில் யாரும் அதிகம் பிரசங்கிக்காத இரண்டு உண்டு. ஒன்று உதவி. மற்றொன்று நிர்வாகம்; அதற்கு அவர் கையாளும் கிரேக்கச் சொல் சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும். வாவியில் தோணி விடுபவருக்கு அந்த வரத்தின் அருமை தெரியும். வேகத்தைத் தருவது துடுப்பு. சுக்கான் தருவது கரையை. ஒரு தாய் வந்து சொல்வதைக் கேட்டு, பெயரையும் நாளையும் பிழையில்லாமல் எழுதி, அடுத்த கிழமை அவள் மறுபடி வரும்போது அவளை அடையாளம் கண்டுகொள்வதும் ஆவியின் வரம்தான். அதில் பொறுமையும் உண்மையும் சேரும்போது வரம் எது, கனி எது என்று பிரிக்கவே முடியாமல் போகிறது.

அலைக்கு முந்திய பத்து ஆண்டு

அற்புதத்தை ஒதுக்கிவைத்து இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26 காலை. நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அங்கே சமாரியன் சிறுவர் இல்லம் இருந்தது. அலை வருவதைக் கண்டதும் அதன் இயக்குநர் 28 பிள்ளைகளையும் வெளிப்பொருத்து மோட்டார் பூட்டிய படகில் ஏற்றினார். அலை துரத்திவர, படகில் எழுந்து நின்று இயேசுவின் நாமத்தில் அதை நிற்கச் சொல்லிக் கட்டளையிட்டதாக அவரே பின்னர் சாட்சி சொன்னார். படகு வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகரப் பக்கம் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் அந்தச் செய்தியை வெளியிட்டன.

விசுவாசி இதை அற்புதம் என்பார். நானும் அந்தப் பிள்ளைகளுக்காக நன்றி சொல்கிறேன். ஆனால் அன்று அதே நாவலடியில் எத்தனையோ குடும்பங்கள் முழுதாக அழிந்தன. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எவராவது சொன்னால், அந்த வாய்க்கு வரம் இருந்தாலும் அன்பு இல்லை. அற்புதம் பிழைத்தவருக்குக் கிடைத்த வெகுமதிச் சான்றிதழல்ல. இறந்தவருக்கு எதிரான தீர்ப்புமல்ல.

அந்தப் படகுக் கதையில் என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். அந்த இயக்குநர் வெளிநாட்டில் தேடிய பணத்தைக் கொண்டுவந்து 1994இல் அந்த இல்லத்தைத் தொடங்கியவர். பத்து ஆண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர். ஒரு சத்தத்துக்கு 28 பிள்ளைகளும் கலையாமல் ஓடிவந்து படகில் ஏறியதற்குப் பின்னால் அந்தப் பத்து ஆண்டு இருக்கிறது. அலை முன் நின்ற நிமிடத்தைத்தான் செய்தி எழுதியது. அந்த நிமிடத்துக்கு ஆட்களைச் சேர்த்துவைத்தது நீண்ட அன்பு.

முகத்துவாரம்

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெயில் காலத்தில் மணல் அடைத்துவிடும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கும்போது வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கும். அப்போது மண்வெட்டியாலோ பெக்கோ இயந்திரத்தாலோ மணலை வெட்டி வாயைத் திறப்பார்கள். திறக்காவிட்டால் வேளாண்மை அழியும். நேரம் தப்பித் திறந்தால் உப்புநீர் உள்ளே ஏறும், மீன்வளம் கெடும். அதனால் தனி ஒருவர் தன் எண்ணப்படி முகத்துவாரம் வெட்டுவதில்லை. விவசாயியையும் மீனவரையும் கேட்டு, அதிகாரிகள் முடிவெடுத்து வெட்டுவார்கள்.

வரங்களுக்குப் பவுல் சொல்லும் ஒழுங்கும் இதுதான். அடைத்துவைக்காதே என்கிறார், தனியாக வெட்டாதே என்றும் சொல்கிறார். தீர்க்கதரிசனம் சொல்வோர் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கட்டும் என்பது அவர் விதி. பேசியவர் 'கர்த்தர் சொன்னார்' என்று முடித்துவிட்டால் யாரும் வாய்திறக்கக் கூடாது என்ற வழக்கம் அவருக்குத் தெரியாது.

தொடக்கத் திருச்சபையின் கையேடான 'திதாக்கே' இன்னும் நேரடியாகப் பேசுகிறது. ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசி இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் பொய்யன். புறப்படும்போது பணம் கேட்டால் பொய்யன். ஆவியில் பேசுவதுபோல் விருந்து போடச் சொல்லித் தானே அதில் சாப்பிட்டால் பொய்யன். உண்மையானவரை அவருடைய நடத்தையால் அறிந்துகொள்ளலாம் என்கிறது அது. ஏறத்தாழ 1900 ஆண்டுக்கு முந்திய அந்த அளவுகோலை இன்று மாற்ற வேண்டிய தேவை இல்லை. காணிக்கைக் கணக்கைச் சபைக்குக் காட்டுகிறாரா? தம் வாக்குப் பொய்த்தபோது ஒத்துக்கொள்கிறாரா? ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒரே நேரம் ஒதுக்குகிறாரா? அவர் வீட்டில் வேலைசெய்யும் பிள்ளை அவரைப் பற்றி என்ன சொல்கிறது? கேள்வி கேட்ட இளைஞரை ஆவிக்கு எதிரி என்று சபையிலிருந்து தள்ளினாரா? இவற்றுக்கு விடை தேட வரம் வேண்டாம். பக்கத்தில் இருந்து சில வருடம் பார்த்தால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரங்களைச் சந்தேகிப்பதையே குணமென்று எண்ணிக்கொள்ளும் பழைய சபைகளும் இங்கே உள்ளன. ஒழுங்கான ஆராதனை, ஓசையில்லாத பாடல், காலம் தவறாத கூட்டங்கள். காணாமற்போன மகனின் படத்தோடு வந்த தாய் அங்கே அழ இடமில்லாமல் எழுந்து போயிருக்கிறாள். மணல் அடைத்த முகத்துவாரத்தாலும் வயல் அழியும்.

சீயோன் முற்றம்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரில் உள்ள சீயோன் தேவாலயம், வரங்களை நம்பி எதிர்பார்க்கும் மரபைச் சேர்ந்த சுதந்திர சபை. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்துக்கு வந்து சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆராதனை தொடங்கும் வேளை. முதுகில் பையோடு அறியாத இளைஞர் ஒருவர் வந்தார். சபை அங்கத்தவர் ஒருவர், கட்டட வேலை ஒப்பந்தம் எடுப்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அவரிடம் போய்ப் பேச்சுக்கொடுத்தார். பதில் பொருந்தவில்லை. பையோடு உள்ளே போக விடாமல் தடுத்து நின்றார். குண்டு முற்றத்தில் வெடித்தது. அவர் உட்பட ஏறக்குறைய முப்பது பேர் அங்கே இறந்தார்கள். 14 பேர் பிள்ளைகள். நாடு முழுவதும் அன்று இறந்தவர்கள் 250க்கும் மேல். ஆலயத்துக்குள் அந்நேரம் பல நூறு பேர் இருந்தார்கள்.

அந்த மனிதர் செய்ததற்குக் கொரிந்தியர் நிருபத்தில் எந்த வரத்தின் பெயரைப் பொருத்துவது? ஆவிகளைப் பகுத்தறியும் வரம் என்று சிலர் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே பேரொளியோ குரலோ தேவைப்படவில்லை. வாசலில் வந்த அந்நியரைக் கண்டால் போய் விசாரிக்கும் பழக்கம் இருந்தது. வந்தவரைச் சத்தம் போட்டு விரட்டாமல் பேசிப்பார்க்கும் சாந்தம் இருந்தது. தன் பிள்ளைகளும் மற்றவர் பிள்ளைகளும் நிற்கும் முற்றம் அது என்ற நினைவு இருந்தது. யோசிக்க நேரமில்லாத நிமிடத்தில் ஒருவர் செய்வது அவருக்குப் பழகிப்போனதையே. குணம் என்று சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான். பல ஞாயிற்றுக்கிழமைகள் கதவருகே நின்று வணக்கம் சொல்லி, கதிரை எடுத்துப்போட்டு, பிள்ளைகளை அதட்டி, அணைத்து வளர்ந்தது அது.

சீயோனில் அந்நிய பாஷை பேசியவர்கள் உண்டு, சுகத்துக்காக ஜெபித்தவர்கள் உண்டு. அந்தச் சபை பெற்ற வரங்கள் பொய் என்று அன்றைய மரணம் காட்டவில்லை. அந்த வரங்களைக் கேட்டுக் கேட்டு ஜெபித்த ஒரு சபையின் முற்றத்தில், ஒரு மனிதரிடம் கனி பழுத்திருந்ததைக் காட்டியது. இரண்டும் ஒரே வேரில் வரமுடியும் என்பதற்கு இந்த வாவிக்கரையில் இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ஆகவே வரங்களை நாடுவோம். பவுலே அப்படித்தான் சொல்கிறார். நாடும்போது, அடுத்த ஞாயிறு வாசலில் வந்து நிற்கும் அந்நியரை முதலில் போய்ப் பார்த்துப் பேசுகிறவர் நம் சபையில் யார் என்பதையும் கவனிப்போம்.